பிழைத்த பிள்ளையும் வளரும் பிள்ளையும்



குழந்தை பிறந்த வீட்டிற்குச் செல்வோர் முதலில் கேட்பது, "தாயும் சேயும் நலமா?" என்பதே. குழந்தை உரிய காலத்திற்கு முன்பே பிறந்து, மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பல நாட்கள் கிடந்து, ஒருவாறு தேறி வீடு வந்து சேர்ந்தது என்றால், "பிழைத்ததே பெரிது" என்று சொல்லி மன நிறைவு கொள்கிறோம். அந்தச் சொல்லில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மை அன்று. பிழைத்த அந்தக் குழந்தை எவ்வாறு காண்கிறது, எவ்வாறு கேட்கிறது, எப்பொழுது தலை நிமிர்த்துகிறது, எப்பொழுது நடக்கிறது, எப்பொழுது பேசுகிறது என்பவற்றைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து வருதல் வேண்டும். அவ்வாறு பார்ப்பது ஏன், எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான் மருத்துவன் அல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியில் பணியாற்றித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். பச்சிளங் குழந்தையைப் பற்றிப் பேச ஆசிரியனுக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். அந்த உரிமையை எனக்குத் தந்தது நான் செய்த ஒரு பிழை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1988ஆம் ஆண்டு. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. என்னுடைய ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதச் சொன்னால் தவறாக எழுதுவான். வராந்தாவில் நடக்கும்போது தூணில் இடித்துக்கொள்வான். கணக்கில் மிகவும் பின்தங்கியிருந்தான். அவனைச் சோம்பேறி என்று நான் முடிவு கட்டினேன். கடைசி வரிசைக்கு அனுப்பினேன். பலநாள் பெஞ்சின்மேல் ஏறி நிற்க வைத்தேன். ஒருநாள் அவன் தாய் பள்ளிக்கு வந்தார். "ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை ஐயா! முழங்கை நீளம்கூட இல்லை. பஞ்சில் சுற்றி வைத்துக் காப்பாற்றினோம். பிழைத்துக்கொண்டான், அப்புறம் வைத்தியரிடம் காட்ட வேண்டிய தேவையே வரவில்லை" என்று பெருமையோடு சொன்னார். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. சில மாதங்கள் கழித்து ஊரில் நடந்த ஒரு கண் மருத்துவ முகாமில்தான் அது விளங்கியது. அவனுக்குக் கிட்டப்பார்வை மிகக் கடுமையாக இருந்தது. குறைமாதத்தில் பிறந்தவர்களிடம் இந்தக் குறை மிகுதியாகக் காணப்படும் என்று மருத்துவர் சொன்னார். பதினொரு ஆண்டுகளாக அந்தச் சிறுவன் உலகத்தைப் பனிமூட்டத்தின் ஊடே பார்த்து வந்திருக்கிறான். அவனுக்குப் பிறர்போல் காணத் தெரியாது என்பது எவருக்கும் தெரியவில்லை, அவனுக்கே தெரியவில்லை. நான் அவனைக் கரும்பலகையிலிருந்து இன்னும் தொலைவில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தேன்.

இனிப் பொருளுக்கு வருவோம். தாயின் வயிற்றில் குழந்தை ஏறத்தாழ 40 வாரங்கள் வளர்கிறது. 37 வாரங்கள் நிறையுமுன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்பர். 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன என்று உலக நல நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களுள் ஏறத்தாழ 30 லட்சம் பேர் நம் இந்தியாவில் பிறந்தவர்கள். பிறக்கும்போது 2500 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தையை எடை குறைந்த குழந்தை என்றும், 1500 கிராமுக்குக் குறைந்ததை மிகவும் எடை குறைந்த குழந்தை என்றும் கூறுவர். ஆபத்து இவர்களுக்கு மட்டும் உரியதன்று. நிறைமாதத்தில் பிறந்தும் உடனே அழாமல் மூச்சுத் திணறிய குழந்தை, முதல் நாட்களில் வலிப்புக் கண்ட குழந்தை, மஞ்சட்காமாலை மிகுந்து இரத்தம் மாற்றப்பட்ட குழந்தை, மூளையுறைக் காய்ச்சலுக்கு ஆளான குழந்தை, கருவியின் துணையால் பல நாட்கள் மூச்சுவிட்ட குழந்தை ஆகிய இவர்களும் மிகுந்த கவனத்திற்கு உரியவர்களே.

முற்காலத்தில் இத்தகைய குழந்தைகளுள் பெரும்பாலோர் இறந்தனர். 1880ஆம் ஆண்டளவில் பாரிசு நகரின் மகப்பேற்று மருத்துவமனை ஒன்றில் தார்னியே என்னும் மருத்துவர் ஒரு வழி கண்டார். கோழிக்குஞ்சு பொரிக்க உதவும் வெப்பப் பெட்டியைப் பார்த்த அவர், அதைப் போன்ற பெட்டி ஒன்றைக் குறைமாதக் குழந்தைகளுக்காகச் செய்வித்தார். அதற்கு முன் அங்கே 2000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளுள் 66 விழுக்காட்டினர் இறந்தனர். பெட்டி வந்தபின் அது 38 விழுக்காடாகக் குறைந்தது. இன்று மருத்துவமனைகளில் நாம் காணும் இன்குபேட்டரின் முன்னோடி அதுவே.

தார்னியேயின் மாணவர் புதேன். பெட்டியிலிருந்து வெளிவந்து வீடு சென்ற குழந்தைகள் என்ன ஆயினர் என்று இவர் கேட்டார். சரியான பாலின்றியும் நோயுற்றும் பலர் மடிந்தனர் என்பதை அறிந்தார். ஆகவே 1892இல், தாய்மார்கள் குழந்தைகளோடு வாரந்தோறும் மருத்துவமனைக்குத் திரும்பி வருமாறு ஓர் ஏற்பாடு செய்தார். வந்த குழந்தைகளை எடை போட்டார். தாய்ப்பாலின் சிறப்பை எடுத்துரைத்தார். பால் போதாத குழந்தைக்குக் காய்ச்சித் தூய்மை செய்த பாலை வழங்கினார். ஆசிரியர் பெட்டியைத் தந்தார். மாணவர் பெட்டிக்குப் பின்வரும் நாட்களைக் கவனித்தார். நாம் இன்று பேசும் தொடர் கண்காணிப்பு அந்த எளிய எடைத் தராசில் தொடங்கியது எனலாம்.

தொடர்ந்து பார்க்காவிட்டால் என்ன நேரும்? இதற்கு மருத்துவ வரலாற்றிலேயே ஒரு துயரமான சான்று உண்டு. 1940களில் மேலைநாடுகளில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பிராணவாயுவைத் தாராளமாகக் கொடுத்தனர். நீலம் பாய்ந்த உடல் சிவந்தது, குழந்தைகள் பிழைத்தன, அனைவரும் மகிழ்ந்தனர். ஆனால் வீடு சென்ற குழந்தைகளுள் பலர் சில மாதங்களில் பார்வை இழந்தனர். 1942இல் பாஸ்டன் நகரின் கண் மருத்துவர் டெரி இந்நோயை முதன்முதலில் விவரித்தார். காரணம் மட்டும் தெரியவில்லை. 1951இல் ஆஸ்திரேலிய நாட்டு மெல்போர்ன் நகரைச் சேர்ந்த கேட் காம்ப்பெல் என்னும் அம்மையார், பிராணவாயு மிகுதியாகப் பெற்ற குழந்தைகளிடமே இந்நோய் மிகுந்திருப்பதைக் கண்டு கூறினார். பின்னர் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் கூடி நடத்திய ஆய்வு 1954இல் அதனை உறுதி செய்தது. அதற்குள் உலகில் ஏறத்தாழ 10000 குழந்தைகள் கண்ணொளி இழந்திருந்தனர். 1950இல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்து, பின்னர் உலகப் புகழ் பெற்ற இசைக்கலைஞர் ஸ்டீவி வொண்டர் அவர்களுள் ஒருவர்.

உயிரைக் காத்த மருந்தே ஒளியைப் பறித்தது. அதைக் கொடுத்தவர்கள் கருணை மிக்கவர்களே. ஆயினும் விளைவு மருத்துவமனைக்குள் தெரியவில்லை, வீட்டிலேதான் தெரிந்தது. பிள்ளைகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்திராவிட்டால் காரணம் கண்டறியப்பட்டிருக்காது. பின்னர் அஞ்சிப் பிராணவாயுவை மிகவும் குறைத்தபோது, மூச்சுக் குறையால் இறப்புகள் மிகுந்தன. இன்றோ குழந்தையின் பாதத்தில் ஒரு சிறு கருவியைக் கட்டி, இரத்தத்தில் பிராணவாயுவின் நிறைவு பெரும்பாலும் 90க்கும் 95க்கும் இடைப்பட்ட விழுக்காட்டில் இருக்குமாறு அளந்து கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுத்தும் இந்நோய் முற்றிலும் ஒழியவில்லை. ஆதலின் கண்ணைப் பார்த்தே ஆகவேண்டும்.

இந்நோய் ஏன் பிறந்த அன்றே தெரிவதில்லை? விழித்திரை என்னும் உட்படலத்தின் இரத்தக்குழாய்கள் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சிறிது சிறிதாகப் படர்கின்றன. அந்தப் படர்ச்சி முடிய ஏறத்தாழ 40 வாரங்கள் ஆகும். முன்கூட்டிப் பிறந்த குழந்தையின் கண்ணில் விளிம்புப் பகுதி குழாயின்றி இருக்கிறது. பிராணவாயு மிகுந்தால் குழாய்களின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. சில வாரங்கள் கழித்து, ஊட்டம் பெறாத விழித்திரை ஊட்டம் வேண்டி அழைக்கிறது. அந்த அழைப்புக்கு முறைகெட்ட புதிய குழாய்கள் முளைக்கின்றன. அவை நாளடைவில் சுருங்கி, விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும். இவையெல்லாம் நடப்பது பிறந்து சில வாரங்கள் ஆன பின்னரே. அதனால்தான் நம் நாட்டில் 34 வாரத்திற்கு முன் பிறந்த குழந்தைகளுக்கும் 2000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் பிறந்த 30 நாட்களுக்குள் முதல் கண் பரிசோதனை நடைபெற வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்னதாகவே செய்யவேண்டும். ஒருமுறை பார்த்ததோடு நிறுத்தாமல், குழாய்கள் விளிம்பு வரை படர்ந்து முடியும் வரையில் மருத்துவர் குறித்த நாள்தோறும் பார்க்கவேண்டும்.

இவ்விடத்தில் என் இரண்டாவது பிழையையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் என் மகளுக்கு 30ஆம் வாரத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. எடை 1250 கிராம். 42 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து வீட்டிற்கு வந்தது. வெளிவரும் நாளில் கண்ணைப் பார்த்த மருத்துவர், நோயின் அறிகுறி சிறிது தெரிகிறது என்றும் ஒரு வாரத்திற்குள் மீண்டும் வரவேண்டும் என்றும் சொல்லிச் சீட்டில் தேதி குறித்துக் கொடுத்தார். அந்தத் தேதியில்தான் என் தம்பியின் புதுமனை புகுவிழா. "குழந்தை நன்றாகத்தானே பால் குடிக்கிறது, நான்கு நாட்கள் கழித்துப் போகலாமே!" என்றேன் நான். என் மகள், "அப்பா, விழாவுக்கு நீங்கள் போய் வாருங்கள். சீட்டில் தேதி போட்டிருக்கிறார்கள், நானும் அவரும் குழந்தையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்" என்று அமைதியாகச் சொன்னாள். அன்று பார்த்தபோது நோய் முற்றியிருந்தது. மறுநாளே லேசர் ஒளியால் சிகிச்சை செய்தார்கள். இத்தகைய நிலையில் இரண்டு மூன்று நாட்களுக்குள் சிகிச்சை நடந்தாக வேண்டும் என்று பின்னர் அறிந்தேன். நான் சொன்ன நான்கு நாட்கள் எத்தகைய நாட்கள் என்பதை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு நடுங்குகிறது. என் பேத்தி இப்பொழுது பள்ளிக்குச் செல்கிறாள்; கண்ணாடி அணிந்து கொள்கிறாள்; முன் வரிசையில் உட்கார்ந்து படிக்கிறாள்.

கண்ணைப் போன்றதே காது. முன்கூட்டிப் பிறந்ததனாலும், மஞ்சட்காமாலை மிகுந்ததனாலும், சில மருந்துகளாலும் செவித்திறன் குறையக்கூடும். கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே மழலை ஒலி எழுப்பும். ஆதலால் வீட்டார் அறியமாட்டார்கள். இரண்டு வயதில் பேச்சு வரவில்லையே என்று தேடும்போது, மொழி கற்கும் பொற்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கும். உறங்கும் குழந்தையின் காதில் ஒலியைச் செலுத்தி, அது மூளைக்குச் செல்கிறதா என்று கருவியால் அறியும் முறை இன்று உண்டு. 1 மாதத்திற்குள் சோதனை, 3 மாதத்திற்குள் உறுதிப்பாடு, 6 மாதத்திற்குள் உதவி என்பது இத்துறையின் வாய்பாடு. 1, 3, 6 என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூளையைப் பற்றிச் சிறிது பார்ப்போம். தாயின் வயிற்றில் கடைசி மூன்று மாதங்களில்தான் மூளை மிக விரைந்து வளர்கிறது; வழவழப்பாக இருந்த அதன் மேற்பரப்பில் மடிப்புகள் பெருகுவதும் அப்பொழுதுதான். 35ஆம் வாரத்தில்கூட அதன் எடை நிறைமாத மூளையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. முன்கூட்டிப் பிறந்த குழந்தை, வயிற்றின் இருளிலும் அமைதியிலும் செய்யவேண்டிய இந்த வேலையை மருத்துவமனையின் வெளிச்சத்திலும் ஓசையிலும் செய்கிறது. இடையில் மூளையில் இரத்தக்கசிவு ஏற்படலாம், பிராணவாயு குறையலாம். ஆனால் அதன் விளைவு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. நாற்றங்காலில் பயிர் எல்லாம் பச்சையாகவே இருக்கும். கதிர் வாங்கும்போதுதான் மணி எது, பதர் எது என்று தெரியும். ஒரு மாதக் குழந்தை எதுவும் நடப்பதில்லை. ஆகவே நடையில் உள்ள குறையும் அப்போது தெரியாது. ஒவ்வொரு திறனும் வரவேண்டிய காலத்தில் வருகிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி.

இங்கே ஒரு சிறு கணக்கு உண்டு. மாணவர்கள் ஊன்றிக் கேட்க வேண்டும். பத்து வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இன்று 26 வாரம், அதாவது ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வோம். 26இலிருந்து 10ஐக் கழித்தால் 16. வளர்ச்சியைப் பொறுத்தவரை அதன் வயது 16 வாரமே. இதனைத் திருத்திய வயது என்பர். ஆறு மாதம் ஆகியும் உட்கார முயலவில்லையே என்று கலங்க வேண்டுவதில்லை. தலை நிற்கிறதா என்று பார்த்தால் போதும். இரண்டு வயது வரை இந்தக் கணக்கைக் கையாளுவர். ஆனால் தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. பிறந்த நாளிலிருந்தே எண்ணிப் போடவேண்டும்.

பொதுவாகக் குழந்தை இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும். நான்கு மாதத்திற்குள் தலை நிற்கும். எட்டு மாதத்திற்குள் உட்காரும். ஒரு வயதையொட்டிப் பொருளுள்ள சொல் ஒன்றிரண்டு சொல்லும். ஒன்றேகால் வயதளவில் நடக்கும். இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசும். நம் அண்டை மாநிலமான கேரளத்தில், திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் முதலியோர் இதற்கென ஓர் எளிய அட்டவணை வகுத்தனர். அதில் 17 திறன்கள் உண்டு. முதலாவது சிரிப்பு, கடைசியானது பொம்மையின் உறுப்புகளைச் சுட்டிக் காட்டுதல். குழந்தையின் வயதுக்கு நேராக ஓர் அளவுகோலை நிறுத்தினால், கோலுக்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட திறன்கள் எல்லாம் வந்திருக்க வேண்டும். வராதிருந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும். சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனையைக் கிராமத்துச் சுகாதாரப் பணியாளரும் செய்யலாம்.

இன்னும் நுட்பமான முறைகளும் உண்டு. பிரெக்டல் என்னும் அறிஞர், மல்லாந்து கிடக்கும் குழந்தை தானாகவே கைகால்களை அசைப்பதை ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கினார். மூன்று மாத அளவில் உடலெங்கும் சிறுசிறு நெளிவசைவுகள் இடைவிடாமல் தோன்றுவது நலத்தின் அடையாளம் என்றும், அவை தோன்றாமை மூளைவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும் என்றும் காட்டினார். ஊசி இல்லை, மருந்து இல்லை. சில நிமிடப் படப்பதிவு ஒன்றே போதும். முன்பெல்லாம் மூளைவாதத்தைப் பெரும்பாலும் ஒரு வயதிற்கும் இரண்டு வயதிற்கும் இடையிலேயே உறுதி செய்தனர். இப்பொழுது பல குழந்தைகளிடம் ஆறு மாதத்திற்கு முன்பே அறிய முடிகிறது.

வீட்டிலுள்ளோர் காணக்கூடிய குறிகளும் சில உண்டு. நான்கு மாதம் ஆகியும் விரல்களை எப்போதும் இறுக மூடியே வைத்திருத்தல் ஒன்று. எட்டு மாதக் குழந்தை எதற்கும் இடக்கையையே நீட்டினால், "தாத்தாவைப் போல இடக்கைப் பழக்கம்" என்று நாம் மகிழ்கிறோம். அவ்வாறு மகிழ்ந்திருத்தல் ஆகாது. ஒரு வயதிற்கு முன் ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, மற்றொரு கையில் தளர்ச்சி இருப்பதன் குறியாக இருக்கலாம்.

முன்கூட்டி அறிவதால் என்ன பயன்? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம் பழமொழி. இங்கே ஐந்து என்பது ஐந்து ஆண்டு அன்று. ஐந்து மாதம் என்று கொள்ளுங்கள். இளம் மூளை பச்சை மண் போன்றது; ஒரு பகுதி பழுதுற்றாலும் மற்றொரு பகுதி அதன் வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்ளும். அதற்கு வேண்டியவை பெரும்பாலும் விலையுயர்ந்த மருந்துகள் அல்ல. தாய் முகம் பார்த்துப் பேசுதல், தாலாட்டுதல், கைக்கு எட்டும் தூரத்தில் கிலுகிலுப்பையைக் காட்டுதல், இயன்முறைப் பயிற்சி, காலத்தில் போட்ட கண்ணாடி, காலத்தில் பொருத்திய செவிக்கருவி ஆகிய இவையே. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978இல் இடப்பற்றாக்குறையால், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல்படக் கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினர். கங்காரு முறை என்று உலகெங்கும் பரவிய அது, குழந்தையைத் தவறாமல் திரும்ப அழைத்துப் பார்ப்பதையும் தன் பகுதியாகக் கொண்டது. 1990களில் அவ்வாறு வளர்ந்த குழந்தைகளை 20 ஆண்டுகள் கழித்தும் தேடிச்சென்று பார்த்தனர் அங்குள்ள மருத்துவர்கள்.

கண்காணிப்பு எத்தனை நாட்களுக்கு? வீடு திரும்பிய ஓரிரு வாரங்களில் எடையும் தலையின் சுற்றளவும் பார்க்கவேண்டும். இரும்புச்சத்தைக் குழந்தை சேமித்துக்கொள்வது கடைசி மூன்று மாதங்களில் ஆதலால், குறைமாதக் குழந்தைக்கு அதனைச் சொட்டுமருந்தாகக் கொடுப்பர். பிறகு திருத்திய வயதில் 3, 6, 9, 12, 18, 24 மாதங்களிலும், அதன்பின் பள்ளி செல்லும் வரை ஆண்டுக்கு ஒருமுறையும் பார்ப்பது வழக்கம். மருத்துவமனைக்கு மருத்துவமனை இது சிறிது மாறலாம்.

பள்ளி வரை ஏன் என்று கேட்பீர்கள். 1995இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 26 வாரத்திற்கு முன்பே பிறந்து பிழைத்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். இரண்டரை வயதில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஏதேனும் ஒரு குறை காணப்பட்டது. ஆறு வயதில் அவர்களுடைய அறிவுத்திறனைச் சோதனைநூலின் பொது அளவுகோலோடு ஒப்பிட்டபோது 21 விழுக்காட்டினர் பின்தங்கியிருந்தனர். உடன் படிக்கும் பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது அது 41 விழுக்காடாயிற்று. வகுப்பறையே மிக நுட்பமான சோதனைச்சாலை என்பதை இதிலிருந்து அறிகிறோம். இவர்கள் மிக மிக முன்னதாகப் பிறந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. சில வாரங்கள் மட்டும் முன்னதாகப் பிறந்தோரில் பெரும்பாலோர் யாதொரு குறையும் இன்றி வளர்கின்றனர். அச்சமூட்டுவது என் நோக்கம் அன்று. அஞ்ச வேண்டா, ஆனால் பார்க்காமலும் இருக்க வேண்டா என்பதே நான் சொல்வது.

நம் நாட்டில் 1971இல் பிறந்த 1000 குழந்தைகளுள் 129 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். 2020இல் அது 28 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் அவ்வாண்டு 13 மட்டுமே. பிழைப்போர் பெருகப் பெருக, பின்தொடர்ந்து கவனிக்கும் கடமையும் பெருகுகிறது. 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் தேசியத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்க வகை செய்கிறது. அதன்கீழ் ஏற்பட்ட மாவட்ட இடையீட்டு மையங்களில் மருத்துவர், இயன்முறையாளர், செவி, பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோரின் உதவி ஓரிடத்தில் இலவசமாகக் கிடைக்குமாறு வகுத்திருக்கிறார்கள்.

இருந்தும் குறித்த நாளில் வராதோர் பலர். ஒருநாள் கூலியை இழந்து, இரண்டு பேருந்து மாறி வரவேண்டிய தாய் வராதிருந்தால் அவளைக் குறை கூறுவது எளிது, அது நியாயமாகாது. "பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது" என்று என்னைப் போலப் படித்தவரே தடுக்கும்போது அவள் என்ன செய்வாள்? குறைமாதத்தில் பெற்றதற்காகத் தாயையே பழிக்கும் வீடுகளும் உண்டு. பழிச்சொல்லுக்கு அஞ்சிய தாய் குழந்தையின் குறையை மறைப்பாளேயன்றி மருத்துவரிடம் காட்டமாட்டாள்.

மாணவ மாணவியரே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ இத்தகைய குழந்தை ஒன்று வந்திருக்கலாம். மருத்துவமனை கொடுத்த சீட்டை எடுத்து, அடுத்த தேதி எது என்று படித்துச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத தாய்க்கு அது பேருதவி. முடிந்தால் அன்று உடன் செல்லுங்கள். கல்லூரியில் பயில்வோர் இயன்முறை மருத்துவம், செவி, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகிய துறைகளையும் எண்ணிப் பாருங்கள். அங்கே ஆட்கள் வேண்டும். உங்களுள் நாளை ஆசிரியராக வரப்போகிறவர்களுக்கு ஒரு சொல்: வகுப்பில் பின்தங்கிய பிள்ளையைக் கண்டால், தண்டிக்குமுன் அவன் பிறப்பைப் பற்றித் தாயிடம் ஒருமுறை கேளுங்கள்.

என் மாணவனுக்குக் கண்ணாடி வந்த மறுநாள் அவனை முதல் வரிசைக்கு அழைத்தேன். கரும்பலகையைச் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "ஐயா, நீங்கள் புள்ளிகூட வைக்கிறீர்களே!" என்றான். மெய்யெழுத்தின்மேல் உள்ள புள்ளியை அன்றுதான் அவன் முதன்முதலாகப் பலகையில் கண்டான். எத்தனையோ நாட்கள் புள்ளி விடுபட்டதற்காக நான் அவன் தாளில் சிவப்பு மையால் கோடிட்டிருந்தேன். அவன் பிறந்த ஆண்டில் யாரேனும் ஒருவர் திரும்ப வரச் சொல்லியிருந்தால், அந்தச் சிவப்புக் கோடுகளுக்கு வேலையே இருந்திராது.